கெட்டிஸ்பர்க்: பீரங்கிகளைத் தாண்டி ஓர் ஊர்

வாஷிங்டனிலிருந்து காரில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் கெட்டிஸ்பர்க் வந்துவிடும். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சண்டை நடந்த பென்சில்வேனியா ஊர். இன்று வயல் நெடுகப் பீரங்கிகள், குதிரை மீது தளபதிகளின் சிலைகள். சுற்றுலாப் பேருந்துகள் அங்கேதான் நிற்கின்றன. ஊரில் அப்போது சுமார் 2,400 பேர் குடியிருந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் நான் போனேன்.

பால்டிமோர் தெருவில் ஒரு செங்கல் வீடு. பிள்ளை பெற்றிருந்த அக்காவுக்குத் துணையாக அங்கே வந்திருந்தார் 20 வயது ஜென்னி வேட். ஜூலை 3 காலை, வீரர்களுக்கு ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தபோது இரண்டு கதவுகளைத் துளைத்து வந்த குண்டு அவரைக் கொன்றது. சண்டையில் நேரடியாக அடிபட்டு இறந்த ஒரே உள்ளூர்வாசி அவர்தான். கதவில் அந்தத் துளையைப் பார்த்துவிட்டு அடுப்படியில் நிற்க முடியவில்லை. அதே மாவில் அவருடைய அம்மா ரொட்டி சுட்டு வீரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

அப்புறம் அதே தெருவில் மேட்டில் இருக்கும் எவர்கிரீன் கல்லறைத் தோட்டம். காவல்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் வேலையை அவர் மனைவி எலிசபெத் தோர்ன் பார்த்துவந்தார். அப்போது அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. சண்டை ஓய்ந்தபின் ஊரெங்கும் பிணங்கள், செத்த குதிரைகள். நாற்றம் தாங்காமல் ஜனங்கள் புதினா எண்ணெய்ப் புட்டியோடு நடமாடினார்களாம். உதவிக்கு வந்த ஆட்கள் ஓடிவிட, வயதான தந்தையோடு சேர்ந்து சுமார் நூறு வீரர்களுக்குக் குழி வெட்டினார் எலிசபெத். இதற்கென்று கூடுதல் கூலி எதுவும் தரப்படவில்லை. 2002-இல் வைத்த சிலையில் ஒரு கை வயிற்றில் இருக்கிறது, மறு கை நெற்றி வியர்வையைத் துடைக்கிறது, பக்கத்தில் மண்வெட்டி. அந்த ஊரில் நான் அதிக நேரம் நின்றது அந்தச் சிலை முன்னால்தான்.

ஊரில் கறுப்பினக் குடும்பங்களும் இருந்தன. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் படை, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரையும் பிடித்து அடிமைகளாகத் தெற்கே கொண்டுபோனது. அதனால் படை நெருங்கியதும் அவர்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டுத் தப்பி ஓடினார்கள். ஆபிரகாம் பிரையன் என்ற விவசாயியும் அப்படித்தான். போர்க்களத்தின் நடுவே அவருடைய சின்ன வெள்ளை வீட்டை இன்றும் பார்க்கலாம். திரும்பி வந்தபோது பயிர், வேலி எல்லாம் நாசம். 1,028 டாலர் இழப்பீடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். எனக்கு வயிறு எரிந்தது.

வயல்களில் அவசரமாகப் புதைத்த வடக்குப் படை வீரர்கள் 3,300 பேருக்கு மேல் தோண்டி எடுக்கப்பட்டு, தேசியக் கல்லறைத் தோட்டத்தில் முறையாக அடக்கம் செய்யப்பட்டார்கள். தோண்டி எடுக்கும் வேலையைச் செய்தவர்கள் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயியும் அவருடைய ஆட்களும். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று அந்தத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் அதிபர் லிங்கன் பேசியபோது அந்த வேலை பாதிகூட முடியவில்லை. அந்தப் பேச்சை உலகமே கொண்டாடுகிறது. பிக்ஸின் பெயரை அங்கே போகும்வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் கல்லறை, ஊருக்குள்ளேயே கறுப்பின மக்களுக்கென இருந்த லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கெட்டிஸ்பர்க் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.