பெயர் மாறிய பள்ளியைத் தேடி ஐந்து நடை

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தோம். இன்று கல்லூரியாக இருப்பது அந்நாளில் பள்ளியாகத் தொடங்கியது. நுழைந்ததும் அந்தப் பள்ளியின் வரலாறு பன்னிரண்டு பலகைகளில் இருக்க வேண்டும் என்று முடிவானது. எழுதும் வேலை என்னிடம் வந்தது. பத்து நாளில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டரை மாதம் ஆனது.

பிற்பாதி சிரமமே இல்லை. பள்ளியின் தலைவர்களாக இருந்த ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால் பற்றி எங்கள் மாஸ்டர்கள் சொன்னதிலேயே பாதிக் கதை வந்துவிட்டது. சிக்கல் முற்பாதியில்தான். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் பள்ளியைத் தொடங்கினார், பிறகு அரசு ஏற்றுக்கொண்டது என்ற வரி எல்லாரிடமும் இருக்கிறது. அதற்கடுத்த வரியிலேயே ராய் சௌத்ரி வந்துவிடுவார். நடுவில் எண்பது வருடம் காணோம். சரி, பழைய அரசாணைகளையே பார்த்துவிடலாம் என்று ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பினேன்.

முதல் நடை வீண். பழைய மாணவர் குழுவின் கடிதத்தைக் கொண்டு போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “லெட்டர்ஹெட், சீல், ரெஃபரன்ஸ் நம்பர் மூணும் வேணும் சார்” என்றார். எந்த மாதிரிக் கடிதம் என்று கேட்டேன். “நோட்டீஸ் போர்டுல இருக்கு” என்றார். நோட்டீஸ் போர்டில் வேலை நேரமும் விடுமுறைப் பட்டியலும்தான் இருந்தன. நீங்கள் போவதாக இருந்தால் ஒரு கல்வி நிறுவனத்தின் கடிதத்தை, என்ன தலைப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று தெளிவாகக் குறிப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நகல் இரண்டு, புகைப்படம் இரண்டு கையில் இருக்கட்டும்.

இரண்டாவது நடையில் அனுமதி கிடைத்தது. ‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்று எழுதி மூன்று கோரிக்கைச் சீட்டு கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திரும்பி வந்தன. எண் இல்லை, தேதி இல்லை, துறை இல்லை. “நம்பர் இல்லாம பண்டல் எடுக்க மாட்டோம் சார்.” பண்டல் என்பது நாடா போட்டுக் கட்டிய பழைய கோப்புக் கட்டு. அந்த நம்பரை எங்கே போய்க் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனவனுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது நடையில் என்னைக் காப்பாற்றியவர் பண்டல் தூக்கி வருகிற ஊழியர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்துல அதுக்கு ஃபைன் ஆர்ட்ஸ்னு பேரே கிடையாதே தம்பி” என்றார். எந்த அரசாணைக்கு எந்த எண் என்று அகரவரிசையில் காட்டும் இண்டெக்ஸ் வால்யூம்கள் இருக்கும் அலமாரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். பள்ளியின் பெயர் ‘ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ்’, ‘ஸ்கூல் ஆஃப் இண்டஸ்ட்ரியல் ஆர்ட்ஸ்’, ‘ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ என்று மாறி மாறி வந்திருக்கிறது. சில வருட இண்டெக்ஸில் பெயரைத் திருப்பிப் போட்டு, ‘ஆர்ட்ஸ், ஸ்கூல் ஆஃப்’ என்று ‘ஏ’ வரிசையில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு நாளாக ‘எஃப்’ வரிசையைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

இதில் முக்கியமான விஷயம் துறை. கல்வித் துறைக் கோப்புகளோடு நின்றுவிடாதீர்கள், தொழில் துறையையும் பாருங்கள். நாம் ஓவியப் பள்ளி என்று நினைத்துத் தேடுகிறோம். அன்றைய அரசுக்கு அது மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, செதுக்கு வேலை எல்லாம் சொல்லிக்கொடுக்கிற தொழில் பள்ளி. இது புரிந்த பிறகுதான் எனக்குக் கதவு திறந்தது.

நான்காவது நடையில் வந்த பண்டலைப் பார்த்ததும் தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். நாடாவை அவிழ்த்ததும் தாளின் ஓரம் பழுப்புத் தூளாக மேசையில் உதிர்ந்தது. உள்ளே பக்கம் பக்கமாக அலுமினியம். பாத்திர வகைகள், எடை, விலை. திருப்பிக் கொடுக்க எழுந்தே விட்டேன். கடைசித் தாளில் ‘ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ்’ என்றும், கீழே சாட்டர்டன் என்றும் இருந்தது. பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையை நம் பள்ளிப் பட்டறையில்தான் தொடங்கினார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அது பெரிய தொடக்கம். 1900-இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி உருவானதும் அதைத் தொடர்ந்துதான். நான்கு வருடம் அந்த வளாகத்தில் படித்தும் இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

அதன் பிறகு மற்றவை தானாகச் சேர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய கட்டடக் கலைஞர் சிஷோம் பள்ளியின் தலைவராக இருந்தவர். 1884-இல் பள்ளித் தலைவராக வந்த ஹாவெல் மாகாணத்துக் கைத்தொழில்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். 1896-இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குப் போய், அங்கே ஓவியர் அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து வேலை செய்தார். அந்த அவனீந்திரநாத்தின் மாணவர்தான் மெரினா உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் சென்னைக்கு வந்து நம் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். இங்கிருந்து போன சரடு ஒரு தலைமுறை கழித்து இங்கேயே திரும்பி வந்திருக்கிறது. இதற்கு ஒரு பலகை தனியாக ஒதுக்கினேன். இடம் போதாது என்று நண்பர்கள் சொன்னபோதும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசி நடை நகல் வாங்க. ஜெராக்ஸ் கிடையாது, தாள் தாங்காது என்றார்கள், நியாயம்தான். ஆனால் கேமராவுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதினேழு நாள் காத்திருந்தேன். நீங்கள் முதல் கடிதத்திலேயே ‘நகல் மற்றும் படம் எடுக்கும் அனுமதி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பென்சில் கொண்டு போங்கள், பேனாவை மேசையில் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு பண்டலின் எண், தேதி, துறை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நான் ஒன்றை விட்டுவிட்டு, ஒரு நல்ல மேற்கோளைப் பலகையில் போட முடியாமல் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

பலகைகள் ஏறிய அன்று எங்கள் மாஸ்டர் ஒருவர் கைத்தடியோடு வந்தார். அலுமினியப் பலகை முன்னால் வெகுநேரம் நின்று படித்தார். பிறகு கடைசிப் பலகைக்குப் போனார். பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) விற்ற காசில் இடம் வாங்கி 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தது அதில் இருந்தது. “நாங்க பாத்திக் போட்டப்போ, ஓவியன் பண்ற வேலையாடா இதுன்னு கேட்டாங்க. அந்தப் பலகையை இதுக்குப் பக்கத்துல மாட்டு” என்றார். ஏணியை மறுபடி எடுத்து வந்து மாட்டினோம்.