கண்ணாடிக் குழாயும் நேர்த்தியும்

காலபோக நெல்வெட்டுத் தொடங்கினால் வன்னி ஆஸ்பத்திரிகளுக்குப் பாம்புக்கடியும் வரத் தொடங்கிவிடும். வரம்பில் கால் வைத்தவர், வைக்கோல் அள்ளியவர், இருட்டில் தண்ணீர் பார்க்கப் போனவர். தாதியாக நான் அதிகம் பயப்படுவது கண்ணாடிப் புடையனுக்குத்தான்.

அதன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு ஒருதரம் சரித்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீர் போல ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த 20 நிமிடம் குழாயைத் தொடவும் கூடாது. கோயிலில் கூப்பிட்டதைவிட அந்தக் குழாயடியில் நின்று நான் கடவுளைக் கூப்பிட்டதுதான் அதிகம்.

கட்டிலைச் சுற்றி நிற்பவர்களும் கூப்பிடுவார்கள். ஒருவர் மடு மாதா கோயில் மண்ணைக் கடதாசியில் மடித்துக் கொண்டு வருவார். பாம்பு விஷத்துக்கு அது காவல் என்று சைவக்காரரும் நம்புவார்கள். இன்னொருவர் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து கையில் கட்டுவார். சேலைன் ஏறாத கையில் கட்டுங்கோ என்பேன், அவ்வளவுதான்.

ஒருநாள் இரவு, இளம் கமக்காரர் ஒருவரின் அம்மா விடந்தீர்த்த பதிகத்தை மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு தீண்டியபோது அப்பர் பாடியது. குழாயைச் சரித்தேன், ஓடியது. மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மகனுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. டொக்டர் மருந்தை நிறுத்தி அட்ரினலின் போடச் சொன்னார். "முருகா" என்றபடி ஊசியை எடுத்தேன். கை நடுங்கவில்லை. அந்தத் துணை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூச்சு சீரானதும் மருந்தைத் திரும்ப ஏற்றினோம்.

எனக்கு மனவருத்தம் ஒன்று உண்டு. கும்பிட்டு, மந்திரித்துப் பார்வை பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிடலாம். வரும் வழியிலேயே கும்பிடலாமே! ஏ9 வீதியால் போகிற எல்லா வாகனமும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று கும்பிட்டுத்தான் போகும். நிற்காமல் ஓடும் அம்புலன்ஸைப் பிள்ளையார் கோபிக்க மாட்டார். உள்ளே இருப்பவரின் கும்பிடும் அவருக்குக் கேட்கும்.

அந்த இளம் கமக்காரருக்கு மருந்து ஏற்றி ஆறு மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தம் உறைந்தது. வீட்டுக்குப் போகும் நாளில், சிறுநீரகம் பார்க்க மறுபடி வரவேண்டிய திகதியைச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "அண்டைக்குப் பங்குனி உத்தரமெல்லோ பிள்ளை, புளியம்பொக்கணையில பொங்க வேணும்" என்றார். டொக்டரிடம் கேட்டு, அடுத்த நாளுக்கு மாற்றிக் கார்ட்டில் எழுதிக் கொடுத்தேன்.