ஃபார்வர்டுக்கு முகம் தேடி

2018 ஏப்ரல் கடைசியில் அக்கா ஒரு வாட்ஸ்அப் ஆடியோ அனுப்பியிருந்தாள். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கிவிட்டது, குழந்தைகளைத் தெருவில் விடாதீர்கள் என்று ஓர் ஆண்குரல் பதறியது. "இது நிஜமாடா?" என்று கேட்டிருந்தாள். அப்போது நான் வேலூரில் நிருபர். "சும்மா ஃபார்வர்டுக்கா, விடு" என்று பதில் போட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

மே 9-ஆம் தேதி போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டம் சேர்ந்து அடித்தது. வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா இறந்துபோனார். அடித்ததை வீடியோ எடுத்திருந்தார்கள். அதுவும் ஃபார்வர்டாகவே என் போனுக்கு வந்தது.

அந்த ஆடியோ பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுதத்தான் தோன்றவில்லை. வதந்தியை மறுத்து எழுதினால் நாமே அதைப் பரப்பியதாகிவிடும் என்று டெஸ்க்கில் சொல்வோம். அது முழுக்கத் தப்பில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கையில் வைத்திருக்கும் வதந்திக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதை அந்த மே மாதத்தில்தான் உணர்ந்தேன்.

எனக்குப் பழக்கமான சோர்ஸ் என்றால் ஸ்டேஷன் ரைட்டர், விஏஓ, ஜி.எச். வாசலில் டீ விற்பவர். யார் கூட்டிச் சொல்வார், யார் மென்று முழுங்குவார் என்று வருஷக்கணக்கில் பழகித் தெரிந்துகொண்டது. ஃபார்வர்டுக்கு முகமில்லை. அந்த முகத்தைத் தேடுவது அதற்குப்பின் என் வேலையில் பாதி ஆகிவிட்டது.

அந்த நாட்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்ப இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து எந்த வீடியோ வந்தாலும் முதலும் முடிவும் எங்கே என்று தேடுகிறேன். ஒரு காட்சியை நிறுத்தி, படமாக்கி, கூகுளில் போட்டால் பழைய சரக்கு பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டால் கடை போர்டு, பஸ் நம்பர். டிஎன் 25 என்றிருந்தால் திருவண்ணாமலை வண்டி, அவ்வளவுதான். சம்பவம் அங்கே நடந்தது என்பதற்கு அது சாட்சியாகாது.

கடைசியில் ஒரு ஆளிடம் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். அதனால் எடுத்தவரைப் பிடித்து அசல் ஃபைலைக் கேட்பேன். "தம்பி, நீங்களே எடுத்ததா?" என்றால் பாதிப் பேர் "ஃப்ரெண்டு அனுப்பிச்சான்ணா" என்பார்கள். நின்று எடுத்தவரிடம் பெரும்பாலும் இன்னும் நாலு படம் இருக்கும்: விரல் மறைத்தது, ஆடியது, வெறும் தரை விழுந்தது. அந்த உதவாத படங்களைப் பார்த்தபின்தான் எனக்கு நம்பிக்கை வரும். பெயர் போடலாமா என்று கேட்காமல் போடுவதில்லை. நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம், அவர் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. போலீஸ் மறுத்தது. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வாசலில் ஒரு பீகார் பையன் தன் போனை நீட்டி, "சச் ஹை க்யா, பையா?" என்றான். நிஜமா என்று அக்கா கேட்ட அதே கேள்வி. இந்த முறை உட்கார்ந்துவிட்டேன். யார் அனுப்பியது என்று கேட்டேன். சித்தப்பா மகன். அவனுக்கு? ஊர் குரூப். அதற்கு மேல் தெரியவில்லை.

அந்த வீடியோ ராஜஸ்தானின் ஜோத்பூரில் பிப்ரவரியில் நடந்த கொலை. அங்கே வந்த இந்திச் செய்தியைத் தேடி எடுத்து, தேதியோடு காட்டினேன். இரண்டு முறை படித்தான். வாங்கி, அங்கேயே நின்று அம்மாவுக்கு அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. டிக்கெட் போட்டாச்சு, ஹோலிக்குள் வீட்டுக்கு வந்துவிடு.