பச்சைப் பொய்
என் புரோகிராமைச் சோதிக்க எழுதி, மூன்று மாதமாகப் பச்சை (பாஸ்) காட்டிக்கொண்டிருந்த ஒரு டெஸ்ட் எதையுமே சோதிக்கவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. எழுதியது நான்தான். புரோகிராம் எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) வீசுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. அதைப் பிடிக்கும் கேட்சுக்குள் எக்ஸெப்ஷனின் செய்தியை அழகாகச் சரிபார்த்துவிட்டு, புரோகிராமை ஓட்டிப்பார்க்கும் டிரையின் கடைசி வரியில், டெஸ்ட்டைத் தோற்கடிக்கும் ஃபெயில் வைக்க மறந்திருக்கிறேன், அதனால் எக்ஸெப்ஷனே வராத அன்றும் டெஸ்ட் பாஸ். ஜாவா டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 4-இல், எந்த எக்ஸெப்ஷன் வர வேண்டும் என்று குறிக்கும் எக்ஸ்பெக்டட் மட்டும் என்ன யோக்கியமா, மெத்தடில் எந்த வரி அந்த வகை எக்ஸெப்ஷனை வீசினாலும் (தயார் செய்யும் வரியாகவே இருந்தாலும்) சரி என்று விட்டுவிடும். அதற்குப் பதிலான அசெர்ட்த்ரோஸ், நாம் கொடுக்கும் லாம்டாவுக்குள் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) இருப்பதை மட்டும்தான் பார்க்கும், பிடித்த எக்ஸெப்ஷனையும் கையில் கொடுக்கும், ஜேயூனிட் 4.13-லேயே இருக்கிறது. கேட்ட எக்ஸெப்ஷனின் துணை வகுப்பு வந்தாலும் பாஸ்தான், அது வேண்டாமென்றால் ஜேயூனிட் 5.8-இல் வந்த அசெர்ட்த்ரோஸ்எக்ஸாக்ட்லி. சரி, இன்னும் பதினோரு டெஸ்ட் இதே மாதிரி கிடக்கிறது.