நித்தம் நித்தம்

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, கழிவு இரும்பு எடுக்க வாரம் இரண்டு முறை லாரி வரும். கூட வருகிற அண்ணன் நம்ம திருநெல்வேலிப் பக்கம்தான். "சாப்பிட்டியா தம்பி" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். நான்கைந்து தடவை வந்துபோன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வெட்டிப்போட்ட கேபிள் துண்டுகளை, அதாவது செம்பை, கம்பித் துண்டுகளுக்கு அடியில் போட்டு எல்லாவற்றையும் இரும்பு என்றே டிஓவில், அதாவது சரக்கோடு போகிற டெலிவரி ஆர்டர் சீட்டில், எழுதிவிட வேண்டும். செம்புக்கும் இரும்புக்கும் கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதில் எனக்கு ஒரு பங்கு. "காப்பி காசுதானே தம்பி."

முடியாது என்றேன். அன்றைக்கு அது சுலபமாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் விடவில்லை. கோபப்படவும் இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்போடு கேட்டார். ஏஜென்ட்டுக்குக் கட்ட ஊரில் வட்டிக்கு வாங்கின கடனைப் பற்றி நானே அவரிடம் சொல்லியிருந்தேன், அதை அக்கறையாக விசாரிப்பார். ஒரு ராத்திரி டார்மிட்டரி கட்டிலில் படுத்துக்கொண்டு, எத்தனை லோடு போனால் கடன் முழுசாக அடையும் என்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காசை நான் தொடவில்லை, ஆனால் கணக்கைப் போட்டுவிட்டேனே! அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினது நமக்கெல்லாம் தெரியும். ஆதியாகமம் 39-ஐ அந்த வாரம் திரும்ப வாசித்தபோது "நித்தம் நித்தம்" என்ற வார்த்தையில்தான் நின்றேன். அவள் ஒருநாள் கேட்டுவிட்டு விடவில்லை, தினமும் கேட்டாள். அவனோ அந்நிய தேசத்தில், எஜமான் எல்லாவற்றையும் நம்பிக் கையில் கொடுத்திருந்த ஆள். அதுவரை "ஆண்டவரே, இவர் இனி வரக்கூடாது" என்று ஜெபித்துவந்தேன். அப்புறம் காலையில் ஸ்டோரைத் திறக்கும்போதே, "இன்றைக்கு ஒருநாள் என்னைக் காத்துக்கொள்ளும்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் டிஓ புத்தகத்துக்குள் ஒரு ஆங்பாவ் இருந்தது. புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கிற சிவப்பு உறை, கட்டியாக இருந்தது. பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன், கை நடுங்கியது. "இது வழக்கம்தானே" என்றார். வழக்கம் என்ற சாக்கை இங்கே சட்டம் ஏற்காது. தனியார் கம்பெனிதானே என்றும் தப்ப முடியாது, லஞ்சம் வாங்கினால் 5 வருஷம் வரை சிறையும் 1,00,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயம் மட்டும் என்னைத் தடுத்திருக்காது, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையில் ஆராதனை முடிந்ததும் ஒரு மூத்த ஐயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "ஜெபம் பண்ணுப்பா, ஆனா அந்த லாரிகிட்ட தனியா நிக்காதே" என்றார். 1 கொரிந்தியர் 10:13-இல் சோதனையோடு தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று இருக்கிறதே, அந்தப் போக்கு எனக்கு இந்த ஒரு வாக்கியமாகத்தான் வந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் சொன்னேன். போகவில்லை. எடை போடும்போது இனி இரண்டு பேர் நிற்க வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும் என்று முடிவானது. அந்த அண்ணன் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தார். "உன் கடனை உன் இயேசு வந்து அடைப்பாரா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

கடன் அடைய இன்னும் 14 மாதம் ஆனது. கடைசித் தவணையை அனுப்பின அன்றும் லாரி வருகிற நாள்தான். கேபிள் துண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டி, பங்களாதேஷ் நண்பரைக் கூப்பிட்டுத் தராசில் வைத்து, டிஓவில் செம்பு என்று எழுதினேன்.