பஃபிங் சக்கரம் எட்டாத இடங்கள்

பழைய கைத்துப்பாக்கிகளை ஏலத்துக்கு முன் பார்த்து, இது என்ன, எந்தக் காலத்தது, எவ்வளவுக்குப் போகும் என்று குறிப்பு எழுதுவது என் வேலை. துருப்பிடித்து வருகிற துப்பாக்கிகளில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. வரிசை எண் தெரிகிறதா, தோட்டா போடும் உருளையான சிலிண்டர் சுற்றுகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். நேரத்தைத் தின்பவை பளபளவென்று வருகிறவை. பெட்டியைத் திறந்ததுமே துப்பாக்கி மின்னும், கொண்டுவந்தவர் முகமும் மின்னும். “எண்பது வருஷத்துப் பொருள் சார், எப்படி இருக்கு பாருங்க!” என்பார். எண்பது வருஷத்துப் பொருள் அப்படி இருக்கிறதே என்பதுதான் என் கவலை.

சிலிண்டரைத் திறந்து தோட்டா அறைகள் எல்லாம் காலிதானா என்று பார்த்துக்கொண்ட பிறகு, மின்னுகிற பக்கங்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. பழைய ரிவால்வரைப் புதுப்பிக்கக் கொடுத்தால், பட்டறைக்காரர் முதலில் பஃபிங் சக்கரத்தில் வைத்துத் துருக்குழிகள் மறையும்வரை தேய்ப்பார். அப்புறம்தான் இரும்பை நீலமாக்கும் பூச்சோ நிக்கல் முலாமோ ஏறும். மேலே ஏறிய பூச்சைவிட அதற்கு முன் தேய்ந்துபோன இரும்புதான் பெரிய நஷ்டம். பூச்சை எடுத்துவிடலாம், தேய்ந்த இரும்பை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

தேய்த்த தடயம் ஓரங்களில் தெரியும். ஆலையிலிருந்து வந்தபோது கூராக இருந்த விளிம்புகள் வழுவழுவென்று உருண்டிருக்கும். திருகு உட்கார்ந்திருக்கும் துளையின் வாய் சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். எழுத்துகளின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கி, சக்கரம் ஓடிய திசையில் இழுபட்டிருக்கும். அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரிவால்வராக இருந்தால், வலப்பக்கம் உள் பாகங்களை மூடும் பக்கத்தகடு துப்பாக்கியின் உடலான ஃபிரேமோடு சேரும் கோட்டை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பேன். ஆலையில் தகட்டைப் பொருத்தி இரண்டையும் சேர்த்தே மெருகேற்றுவார்கள். அதனால் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தகட்டைத் தனியாகக் கழற்றித் தேய்த்திருந்தால் இரண்டு ஓரமும் தேய்ந்து, நகம் அதில் தட்டி நிற்கும். லென்ஸ்கூடத் தேவையில்லை.

அடுத்தது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியான ஹேமரும், விரலால் இழுக்கும் ட்ரிக்கரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆலையில் இந்த இரண்டையும் கடினப்படுத்தும்போது சாம்பல், நீலம், பழுப்பு கலந்த ஒரு நிறம் வரும். துப்பாக்கி முழுக்க நிக்கல் போட்டாலும் பொதுவாக இவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். வெளிப் பட்டறைக்காரருக்கு அந்த வழக்கம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கி எடுத்துவிடுவார். ஹேமரும் ட்ரிக்கரும் வெள்ளையாக மின்னினால் என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் இது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கான அடையாளம், எல்லாக் கம்பெனிக்கும் இதையே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. முலாம் நிக்கல்தானா என்பதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வேன். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், குரோமியம் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை.

இந்த வேலையில் என் மேஜைக்குத் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வகை உண்டு. குட்டைப் பேரல் (குண்டு வெளியேறும் குழாய்), நிக்கல் முலாம், பிளாஸ்டிக் முத்துக் கைப்பிடி. கொண்டுவருகிறவர் 1920களின் துப்பறிவாளர் துப்பாக்கி என்பார். அவர் பொய் சொல்வதில்லை. கைப்பிடியின் அடியில் இருக்கும் ஆறு இலக்க எண்ணை எங்கோ பட்டியலில் பார்த்திருப்பார், அது முதல் உலகப் போர் முடிந்த காலத்தைக் காட்டியிருக்கும். நான் அதே எண்ணைச் சாய்வாக விளக்கு பிடித்துப் பார்ப்பேன். எண்ணுக்கு முன்னால் ஒரு இடைவெளி, அதில் கயிறு கட்டும் வளையம் மாட்டும் துளையை நிரப்பிய வட்டம். அந்த வட்டத்துக்கு அப்பால், தேய்த்தும் முழுக்க அழியாத ஒரு ஆங்கில ‘வி’.

அந்த ஒரு எழுத்தில் கதையே மாறிவிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வர் வரிசை 1899இல் தொடங்கியது. 1942இல் எண் பத்து லட்சத்தைத் தொட்டதும் ‘வி’ என்ற எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். விக்டரி (வெற்றி) மாடல் என்று பெயர் வந்தது அதனால்தான். பிரிட்டனுக்கும் அதன் காமன்வெல்த் நாடுகளுக்கும் இவை லட்சக்கணக்கில் போயின. போர்க்காலத்துக்குப் பளபளப்பு தேவைப்படவில்லை. மங்கலான சாம்பல் பூச்சு, கோடு செதுக்காத வால்நட் மரக் கைப்பிடி, அடியில் கயிறு கட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். போர் முடிந்து உபரியாக விற்றபோது வியாபாரிகள் வாங்கி, ஐந்து அங்குலப் பேரலை இரண்டு அங்குலமாக வெட்டி, நிக்கல் போட்டு, ‘துப்பறிவாளர் துப்பாக்கி’ ஆக்கினார்கள். பேரலின் மேலே இருக்கும் கம்பெனி முகவரி நடுவில் இல்லாமல் பாதியில் அறுந்து நிற்பதும், சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியின் முனையைப் பிடித்துக்கொள்ளும் முன்பூட்டு காணாமல் போயிருப்பதும் வெட்டியதற்குச் சாட்சி. பிரிட்டன் வழியாக வந்திருந்தால் அங்கே பரிசோதித்த முத்திரைகளும், ‘இங்கிலாந்துத் தயாரிப்பு அல்ல’ என்ற ஆங்கில வாசகமும் எங்காவது மிச்சமிருக்கும்.

இதில் விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிரிட்டனுக்குப் போனவை .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற குட்டைத் தோட்டாவுக்குச் செய்தவை. .38 ஸ்பெஷல் என்பது அதைவிட நீளம், ஆனால் கொஞ்சம் மெலிசு. கடையில் எளிதாகக் கிடைப்பது ஸ்பெஷல் என்பதால் அறையை உள்ளே ஆழமாகக் குடைந்து அதற்கு மாற்றிவிட்டார்கள். அறையின் பின்பாதி பழைய அகலத்திலேயே நிற்கும். அங்கே மெலிசான தோட்டா வெடித்தால் அதன் உலோகக் கூடு உப்பும், சில நேரம் பிளந்தும் போகும். சிலிண்டரைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அறையின் சுவரில் பாதி வழியில் ஒரு மெல்லிய வளையம் தெரியும். பழைய அறை முடிந்து குடைந்த பகுதி தொடங்குகிற இடம் அது. அதைப் பார்த்தவுடன் சிவப்பு மையில் குறித்துவிடுவேன். ஸ்பெஷல் போட்டுச் சுட ஏற்றதல்ல என்று எழுதாமல் அந்தத் துப்பாக்கி என் மேஜையைத் தாண்டாது.

எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கைப்பிடியின் அடியில் உள்ள எண்ணே சிலிண்டரின் பின்முகத்திலும், பேரலின் அடியில் எஜெக்டர் கம்பி படுக்கும் இடத்திலும் இருக்கும். வலப்பக்க மரக் கைப்பிடியைக் கழற்றினால் உட்புறத்திலும் இருக்கும். இவை பஃபிங் சக்கரம் எளிதில் போகாத இடங்கள். முழு உடம்பையும் மாற்றிவிட்டவர்கள்கூட இங்கே கை வைத்திருக்க மாட்டார்கள். பேரலின் அடியில் ‘பி’ என்ற எழுத்து (ஆங்கில ‘புளூ’வின் முதலெழுத்து) இருந்தால் அது ஆலையில் நீலப் பூச்சோடு பிறந்தது. வெளியே நிக்கல், உள்ளே ‘பி’ என்றால் அதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை.

புதுப்பித்தது எல்லாமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆலைக்கே திருப்பி அனுப்பிப் புதுப்பித்தவை உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், கைப்பிடிச் சட்டத்தில் மாதமும் வருடமும். அவர்கள் தேய்த்தால் ஓரம் உருளாது, எழுத்தும் இழுபடாது. வாங்குகிறவர்கள் இதற்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை தருவார்கள். அசல் பூச்சுக்குத் தரும் மரியாதை அல்ல, ஆனால் பட்டறை வேலையோடு சேர்த்தும் எண்ண மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆவணங்களிலிருந்து கடிதம் வாங்கலாம். எந்தத் தேதியில், என்ன பூச்சில், எவ்வளவு நீளப் பேரலோடு வெளியே போனது என்று அதில் வந்துவிடும்.

விலை சொல்லும் இடத்தில்தான் முகங்கள் வாடும். நிலையைச் சதவீதமாகச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். தொண்ணூறு சதவீதம் என்றால் ஆலை போட்ட பூச்சில் தொண்ணூறு மிச்சம் என்று அர்த்தம். புதுப் பூச்சு எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அந்தக் கணக்கில் அது பூஜ்யம். உறையில் உரசி பேரலின் முனைப் பக்கம் நீலம் போன, நேர்மையாகத் தேய்ந்த ரிவால்வருக்கு நான் எழுதும் தொகையில் பாதியைக்கூட பட்டறையில் மெருகேற்றியதற்கு எழுதுவது அபூர்வம். பேரலும் வெட்டி, அறையும் குடைந்திருந்தால் சேகரிப்பவர் யாரும் கையை உயர்த்த மாட்டார். அப்போது நான் கணக்கிடுவது உதிரி பாகங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான்.

சிலர் உடனே, “நிக்கலை எடுத்துட்டுத் திரும்ப நீலம் பண்ணிடலாமா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அதற்கும் தேய்க்க வேண்டும், மிச்சமிருக்கும் அந்த ‘வி’யும் போய்விடும்.

ஒருவர் மட்டும் விலையைப் பற்றி வாதிடாமல், பட்டியலில் ‘மறுபூச்சு’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார். அந்தச் சொல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் பயம். இல்லாவிட்டால் வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவருவார் என்பது என் பயம். கடைசியில் ‘வெளிப் பட்டறை நிக்கல் மறுபூச்சு, பேரல் வெட்டப்பட்டது, அறைகள் மாற்றப்பட்டவை’ என்று முழுசாகவே போட்டோம். பழுதுபார்க்கப் பழகுகிற ஒரு பையன் கீழ் மதிப்புக்கே எடுத்துக்கொண்டான். பக்கத்தகட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைப் பார்ப்பதற்குத்தான் வாங்கினானாம்.