அம்மாவின் புனர்பூசமும் செவ்வாயும்

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த சில நாட்களில், கும்பகோணத்து வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த வடகத்தை எடுக்க வந்த அம்மா, கீழ்வானத்தைப் பார்த்து, "இவ்வளவு சிவப்பா இருக்கே, இதுதான் திருவாதிரையா?" என்று கேட்டார். அது செவ்வாய். ஜனவரி 16 அன்று பூமிக்கு ஒருபுறம் சூரியனும் மறுபுறம் செவ்வாயும் நேரெதிராக நின்றதால், பொழுது சாயும்போதே அது கிழக்கில் எழுந்து, சிரியஸ் என்ற விண்மீனுக்கு ஈடான ஒளியோடு தெரிந்தது. திருவாதிரையும் சிவப்புதான், ஆனால் அது அப்போது இன்னும் உயரத்தில், சற்று வலப்புறமாக இருந்தது.

நிறத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் குழப்பம் வரும். மின்னினால் விண்மீன், மின்னாவிட்டால் கோள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் சரியே. விண்மீன் வெறும் புள்ளியாகத் தெரிவதால் காற்றின் அசைவில் அதன் ஒளி நடுங்குகிறது. கோளுக்குச் சிறிய வட்டம் இருப்பதால் அந்த நடுக்கம் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது கோளும் மின்னும்.

ஆகவே, முதலில் இடம் மாறாத விண்மீன்களைக் கற்றுக்கொள்வதே நல்ல வழி என்பது என் அனுபவம். தை மாத முன்னிரவில் கிழக்கே பார்த்தால் மூன்று மீன்கள் ஒரே வரிசையில், ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். அந்த வரிசைக்கு இடப்புறம் சிவந்திருப்பது திருவாதிரை. வரிசையை அப்படியே மேலே நீட்டினால் ரோகிணியும், அதையும் தாண்டிக் கொத்தாகக் கார்த்திகையும் வரும். கீழே நீட்டினால், விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். கோள்களோ சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே நகர்பவை. அந்தப் பாதையில், நமக்குத் தெரிந்த மீன்களுக்கு நடுவே, கணக்கில் இல்லாத ஒரு பெரிய ஒளி நின்றால் அது கோள்தான். அன்று ரோகிணிக்கு அருகில் வியாழன் அப்படித்தான் நின்றது. மேற்கே வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். அதற்கு ஈடாக ஒளிர எந்த விண்மீனாலும் முடியாது. சூரியனை விட்டு ஏறக்குறைய 47 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை என்பதால், இரவு ஒன்பது மணியைக் கடந்து சற்று நேரத்தில் இறங்கிவிட்டது. அதன் பக்கத்திலேயே மங்கலாகச் சனி.

செவ்வாய்க்கு மேலே இடப்புறமாக, கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகல இடைவெளியில், இரண்டு மீன்கள் இருந்தன. மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றன. "அந்த ரெண்டும்தாம்மா புனர்பூசம்" என்றேன். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் அம்மா சொல்லி வந்த நட்சத்திரம் அது. வடகத் தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "இதுவா? இது ரெண்டா?" என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் கீழே இறங்கவில்லை.

அதன் பிறகு செவ்வாய் நகர்வதை அவரே கவனிக்கத் தொடங்கினார். பூமி செவ்வாயைவிட வேகமாகச் சுற்றி அதை முந்திச் செல்லும்போது, ஓடும் ரயிலிலிருந்து பார்க்கையில் பக்கத்துத் தண்டவாளத்தின் மெதுவான ரயில் பின்னால் போவதுபோல, செவ்வாயும் சில வாரங்கள் பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். பஞ்சாங்கம் இதைத்தான் வக்ரம் என்கிறது. பிப்ரவரி 24 வாக்கில் அது புனர்பூசத்தை விட்டு, நீட்டிய கைமுட்டிக்குச் சற்றுக் குறைவான தூரம் மேற்கே விலகி நின்றது. பிறகு திரும்பியது. மார்ச் கடைசியில் ஓர் இரவு நான் வெளியூரில் இருந்தபோது அம்மா தொலைபேசியில் அழைத்து, "வெளிச்சம் ரொம்பக் குறைஞ்சு போச்சு, ஆனா செவ்வாய் மறுபடி என் நட்சத்திரத்துக்கிட்ட வந்திருக்கு. தலைக்கு மேலே பாரு" என்றார்.